வாசித்தோம், அப்புறம் பார்த்தோம்

இந்த மாதம் படித்ததில் என் மனதில் முதலிடம் பூமணியின் ‘வெக்கை’க்கு. பார்த்ததில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு. நடுவில் ஜெயகாந்தன், புதுமைப்பித்தன், அகுதாகவா, கொஞ்சம் கல்கி. எல்லாமே படமாக வந்த கதைகள். வார நாட்களில் வாசிப்பது, வார இறுதியில் அதன் படத்தைப் பார்ப்பது என்று ஏற்பாடு.

ஏற்பாடு அப்பாவுடையது. அவருக்குப் பார்வை மங்கிவருகிறது. டிவியில் முகங்கள் தெரிகின்றன, அச்செழுத்து தெரிவதில்லை. தபால்காரராக வேலை பார்த்த காலம் முழுக்க அவர் பையில் கடிதங்களோடு நூலகத்து நாவல் ஒன்றும் இருக்கும். அப்படிப்பட்டவர் புத்தகம் இல்லாமல் எத்தனை நாள் இருப்பார்? அதனால் ராத்திரி வேலையெல்லாம் முடிந்ததும் நான் சத்தமாக வாசிக்கிறேன், அவர் கண்ணை மூடிக் கேட்கிறார். சத்தமாக வாசித்தால் எந்த வரியையும் தாண்டிப் போக முடியாது. சரியில்லாத வாக்கியம் மூச்சை முட்ட வைக்கும். நல்ல வாக்கியம் நிற்க வேண்டிய இடத்தில் தானாக நிற்கும். ‘வெக்கை’ இவ்வளவு பெரிய நாவல் என்று எனக்குப் புரிந்ததே அதை வாய்விட்டு வாசித்தபோதுதான்.

புத்தகத்தில் இருந்த இது படத்தில் இல்லையே, அது மாறிவிட்டதே என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் எங்களுக்குச் சீக்கிரமே போய்விட்டது. அந்த இடத்தில் வேறு கேள்வி வந்து உட்கார்ந்தது. ஒரே கதைக்குள் பலர் இருக்கிறார்கள். எழுத்தாளர் ஒருவர் பக்கத்தில் நின்று கதையைப் பார்க்கிறார். இயக்குநர் வந்து யார் பக்கத்தில் நிற்கிறார்? படம் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

‘வெக்கை’ 1982-இல் வந்த நாவல். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம். அவனுடைய அண்ணனைக் கொன்றவன் வடக்கூரான். கையை மட்டும் வெட்டிவிட நினைத்துப் போகிறவனின் அரிவாள் ஆளையே முடித்துவிடுகிறது. அதற்கு மேல் கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பையனும் அய்யாவும் ஊரை விட்டு ஓடுகிறார்கள், எட்டு நாள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள், கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். இந்த எட்டு நாளில் பூமணி என்ன காட்டுகிறார் என்பதுதான் நாவல். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் புதர் மறைக்கும், புகை தெரியாமல் எப்படி அடுப்பு மூட்டுவது, ராத்திரியில் எந்தச் சத்தம் மிருகம், எந்தச் சத்தம் மனிதன். கொலை செய்துவிட்டு வந்த மகனை அய்யா ஒரு வார்த்தை திட்டுவதில்லை. சாப்பிட்டாயா, கால் வலிக்கிறதா, தூக்கம் வருதா என்றுதான் கேட்கிறார். அந்தக் கேள்விகளுக்குள் அவருடைய பயம் முழுக்க இருக்கிறது. அவர் அதைச் சொல்வதே இல்லை.

பூமணி எங்கேயும் குறுக்கே வந்து விளக்கம் சொல்வதில்லை. இவர்கள் என்ன சாதி, அவர்கள் என்ன சாதி என்று பெயர் சொல்லி எழுதவும் இல்லை. நிலத்தைப் பிடுங்க வருகிறவன் யார், கொடுக்க மறுக்கிறவன் யார் என்பதை வைத்து நாமே அறிந்துகொள்கிறோம். பெரும்பகுதி பேச்சு. கரிசல் காட்டுப் பேச்சு, சின்னச் சின்ன வாக்கியம். முதல் ராத்திரி என் நாக்குக்கு அது பழகவில்லை. “இழுக்காதே, வெடுக்கென்று சொல்லு” என்றார் அப்பா. அப்படி வாசித்ததும் அய்யாவும் மகனும் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காட்டில் ஏதோ சருகு மிதிபடுகிற இடம் ஒன்றை வாசித்தபோது அப்பா கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தார். ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய மதிப்பெண் என்னிடம் இல்லை.

அந்த வார இறுதியில் ‘அசுரன்’. வெற்றிமாறன் இயக்கி 2019-இல் வந்தது. தனுஷுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். நாவல் பையனோடு நடக்கிறது. படம் அப்பனிடம் போய்விடுகிறது. நாவலில் அய்யாவின் கடந்த காலம் பேச்சுவாக்கில் வந்து போகும். படத்தில் அதுதான் பாதி. அப்பன் சிவசாமியின் இளமைக் காலம், தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கான போராட்டம், செருப்பு போட்டு நடந்ததற்காக அவர் கட்டிக்கொள்ளவிருந்த மாரியம்மா படும் அவமானம், குடிசைகளோடு சேர்த்து மனிதர்களைக் கொளுத்துவது. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனதை அறிந்த யாரும் அந்தக் காட்சியை வெறும் சினிமாவாகப் பார்க்க முடியாது. நாவலில் இல்லாத இந்தச் சரித்திரத்தைப் படத்துக்குள் கொண்டுவந்தது வெற்றிமாறன் செய்த பெரிய காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் சிவசாமியை முதலில் கோழையாகக் காட்டி, மகன் அவரை மதிக்காதவனாக வைத்து, அப்புறம் அவர் யாரென்று தெரியவைக்கும் அந்த அமைப்பு எனக்கு ஒட்டவில்லை. அரிவாளோ வேலோ கைக்கு வந்ததும் தனுஷ் வேறொருவராக மாறுகிறார், இசை எழும்புகிறது, பார்க்கிறவர்களுக்குக் கை தட்டத் தோன்றுகிறது. நாவலில் அந்த ஒரே ஒரு வெட்டுக்குக் கை தட்ட யாராலும் முடியாது. வெட்டியவனுக்கே உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கிறது. பழி வாங்கியதன் பாரத்தைச் சொல்கிற கதையைப் பழிவாங்கும் ஆசையைக் கிளப்பும் கதையாகப் படம் அவ்வப்போது மாற்றிவிடுகிறது. காட்டு ராத்திரிகளும் குறைந்துவிட்டன. எட்டு நாள் என்பதன் நீளம் நமக்குத் தெரியவே இல்லை.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மூத்த மகனை விடுவிக்கச் சிவசாமி ஊரில் ஒவ்வொருவர் காலாக விழுகிறாரே, அந்த இடத்தைச் சொன்னார். “எழுத்தில் பத்துப் பக்கம் எழுதினாலும் இந்த முகம் வருமா?” என்று கேட்டார். வராது. வெளியே வந்த மகனுக்கு அப்பன் என்ன செய்தான் என்று தெரிந்து, அவன் கொதித்துப் போவதும் சேர்ந்து அது பெரிய காட்சிதான். சிவசாமியின் மனைவியாக வரும் மஞ்சு வாரியரின் பச்சையம்மாளுக்கும் என்னிடம் புகழ்ச்சி மட்டுமே. கடைசியில் சிவசாமி மகனிடம் படிக்கச் சொல்வதைச் சிலர் உபதேசம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்தையும் பிள்ளையையும் பறிகொடுத்த ஒருவர், பறிக்க முடியாதது எது என்று யோசித்துச் சொல்வது அது. நாவலின் அய்யா இதைச் சொல்லியிருக்க மாட்டார். சிவசாமி சொல்வார். இவர் வேறு மனிதர்.

இந்த ஜோடியைத் தொடுபவர்கள் கட்டாயம் நாவலை முதலில் படியுங்கள். படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் சிதம்பரத்தின் அய்யாவுக்குத் தனுஷின் உடல்மொழி வந்துவிடும். அந்த அய்யா அமைதியாக, கனிவாக, கொஞ்சம் களைத்துப் போனவராக உங்கள் மனதில் தானாக உருவாக வேண்டும்.

‘பதேர் பாஞ்சாலி’க்கு நேர் எதிர். படத்தை முதலில் பார்த்துவிட்டாலும் நாவல் குறைவதில்லை. பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவல் 1929-இல் புத்தகமாக வந்தது. ராயின் படம் 1955. விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த ராய் இந்த நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தவர். வரையும்போதே காட்சிகள் மனதில் விழுந்திருக்க வேண்டும். பணம் இல்லாமல் படப்பிடிப்பு நின்று நின்று நடந்து, கடைசியில் மேற்கு வங்க அரசு கொடுத்த பணத்தில் முடிந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே.

நாங்கள் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தோம். நாவல் அவசரமே இல்லாமல் நகர்கிறது. ஒரு செடி, ஒரு பூச்சி, ஒரு பழம் என்று நின்று நின்று பார்க்கிறது. அப்பு என்ற சிறுவனின் கண் எவ்வளவு நேரம் ஒரு பொருளின் மேல் தங்குமோ அவ்வளவு நேரம் எழுத்தும் தங்குகிறது. வேலை முடிந்து களைப்பாக வாசிக்க உட்காரும் ராத்திரிகளில் இந்த நாவல் எனக்கு ஓய்வாக இருந்தது. ஆனால் துர்கா வரும் பக்கங்கள் அப்படி இல்லை. பழம் பொறுக்குகிறவள், திருடுகிறாள் என்று ஏச்சு வாங்குகிறவள், தம்பிக்குத் தின்னக் கொடுத்துவிட்டுத் தானும் கொஞ்சம் தின்கிறவள். அவளுக்கு ரயிலைப் பார்க்க வேண்டும். அக்காவும் தம்பியும் தண்டவாளத்தைத் தேடிப் போகிறார்கள், வழி தெரியாமல் திரும்புகிறார்கள். அப்புறம் காய்ச்சல் வருகிறது. குணமானதும் ரயிலைக் காட்டுகிறாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். நாவலில் துர்கா ரயிலைப் பார்க்காமலே இறந்து போகிறாள்.

படத்தில் ராய் ரயிலைக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளை நாணல் பூத்துக் கிடக்கும் வெளி, தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்கும் பிள்ளைகள், தூரத்தில் கரும்புகை. இருவரும் ஓடுகிறார்கள். துர்கா இடறி விழுகிறாள். அப்பு தண்டவாளம் வரை போய்விடுகிறான். ரயில் கேமராவை மறைத்துக்கொண்டு கடக்கிறது. நாவலைச் சத்தமாக வாசித்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் இதைப் பார்க்கும்போது வந்த நடுக்கத்தை எப்படிச் சொல்ல? புத்தகம் அவளுக்குக் கொடுக்காததை ராய் கொடுக்கப் போகிறார் என்று மனம் துள்ளுகிறது. அவரும் முழுதாகக் கொடுக்கவில்லை. ரயில் வருகிறது, ஆனால் அருகே நின்று பார்ப்பது தம்பிதான். நாவலின் இழப்பைக் காட்சியாக மாற்றும்போது ஓர் இடறலில் அதைப் பத்திரமாக வைத்துவிட்டார். அப்பா மட்டும் “அவளும் பார்த்திருக்கலாம்” என்று இரண்டு தடவை சொன்னார்.

இதற்கு அடுத்த காட்சியில்தான் ராய் எவ்வளவு துணிந்தவர் என்று தெரிகிறது. இந்திர் தாக்ருன் என்ற கிழவி நாவலில் வெகு சீக்கிரம் இறந்துவிடுகிறாள், அப்பு கைக்குழந்தையாக இருக்கும்போதே. ராய் அவளைப் பாதிப் படம் வரை உயிரோடு வைத்திருக்கிறார். ரயிலைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரும்பும் பிள்ளைகள் மூங்கில் தோப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவியைப் பார்க்கிறார்கள். துர்கா விளையாட்டாகத் தொட்டு அசைக்கிறாள். உடம்பு சாய்கிறது. சொம்பு உருண்டு தண்ணீரில் விழுகிறது. வாழ்க்கையில் மிகப் பெரிய சந்தோஷமும் முதல் சாவும் ஒரே மத்தியானத்தில். நாவலில் இந்த வரிசை இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் நாவலுக்கு வருடங்கள் கைவசம் இருக்கின்றன. படத்துக்கு இரண்டு மணி நேரம்தான். வருடங்களை அடுக்க முடியாத இடத்தில் ராய் இரண்டு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கிழவியாக நடித்த சுனிபாலா தேவியின் பல்லில்லாச் சிரிப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அவரைத் திரையில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க ஆசைப்பட்டுத்தான் ராய் கதையை மாற்றினாரோ என்றுகூடத் தோன்றும்.

துர்கா இறந்த பிறகு வெளியூரிலிருந்து அப்பா ஹரிஹர் திரும்பி வருகிறார். மகளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். அம்மா சர்பஜயா வாய் திறந்து கதறுகிறாள். அந்தக் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்சத்தில் அழுகிறது. ரவிசங்கரின் இசை. எங்கள் வீட்டில் அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொரு மாற்றமும் சொல்ல வேண்டும். துர்காதான் திருடினாள் என்பது அவள் போன பிறகு அப்புவுக்குத் தெரியவருகிறது. நாவலில் அவன் கையில் கிடைப்பது சின்ன டப்பி. அதை மூங்கில் தோப்புக்குள் வீசுகிறான். படத்தில் அது பாசிமணி மாலை. குளத்தில் வீசுகிறான். பாசி விலகி ஒரு வட்டம் திறக்கிறது, மெதுவாக மறுபடி மூடுகிறது. தோப்பில் விழுந்த பொருள் எப்போதாவது யார் கையிலாவது கிடைக்கும். குளம் வைத்துக்கொள்ளும். அக்காவின் மானத்தைக் காக்கத் தம்பி செய்யும் காரியம் என்ற அளவில் இரண்டும் ஒன்றே, ஆனால் படத்தில் அந்தக் குளமும் அவனோடு சேர்ந்து காக்கிறது. நாவல் இதற்கப்புறம் காசிக்கும் போகிறது. ராய் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, மீதியை அடுத்த ஆண்டு ‘அபராஜிதோ’வில் எடுத்தார். நிறுத்தத் தெரிவதும் கலைதான்.

ஜெயகாந்தனுக்கு வருகிறேன். இது ஜோடி அல்ல, மூன்று. 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை, அதிலிருந்து வளர்ந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல், அதே பெயரில் பீம்சிங் இயக்கிய படம். மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். சிறுகதையில் அம்மா முதலில் பதறுகிறாள். அப்புறம் மகளை உட்கார வைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். யாரிடமும் சொல்லாதே, மறந்துவிடு என்கிறாள். அவன் கொடுத்த சூயிங்கம்மைத் துப்பச் சொல்கிறாள். அந்தக் காலத்தில் இந்தக் கதைக்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. இன்றைக்கு வாசித்தாலும் அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி படுகிறது.

நாவலில் ஜெயகாந்தன் தன் முடிவையே எதிர்த்துக் கேள்வி கேட்கிறார். அந்த அம்மா அப்படி இல்லாமல் ஊர் கேட்க அலறியிருந்தால்? அந்தப் பெண் கங்காவின் வாழ்க்கை அந்த அலறலில் திசை மாறுகிறது. வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். ஆதரிக்கும் மாமாவே ஆபத்தாக இருக்கிறார். படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய கதையைப் படிக்கிறாள். அது அவள் கதை. ஆனால் அந்தக் கதையில் அம்மா தண்ணீர் ஊற்றுகிறாள். நாவலுக்குள் சிறுகதை உட்கார்ந்திருக்கும் இந்த இடம் எனக்குத் தமிழ் நாவல்களிலேயே மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. ஓர் எழுத்தாளர் தான் எழுதியதைத் திரும்ப எடுத்து, இரக்கம் கிடைக்காதவளின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். 1972-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது இந்த நாவலுக்குத்தான். கங்கா தானே பேசும் நாவல் என்பதால் நான் வாசிக்கும்போது அப்பாவுக்குக் கதை என்ற நினைவே போய்விடும். கங்காவுக்குச் சொல்வதுபோல என்னிடம் பதில் சொல்வார்.

படம் கறுப்பு வெள்ளை. திரைக்கதையும் ஜெயகாந்தனுடையதே. கண்ணீரும் பாசமுமாக உச்சத்தில் ஓடும் குடும்பப் படங்களுக்குப் பேர்போன பீம்சிங் இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ‘பாசமலர்’ எடுத்தவர்தான் இதை எடுத்தார் என்று நம்ப முடியாது. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். குரலை உயர்த்தாமல் எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தக் கங்கா, நாவலில் நான் கேட்ட குரலுக்கு அப்படியே பொருந்தினாள். ஆர்.கே.வி.யாக நாகேஷ். அவரைச் சிரிக்க வைப்பவராக மட்டும் நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். காரில் வந்தவனாக ஸ்ரீகாந்த் நன்றாகவே செய்திருக்கிறார். அந்த நன்மையே எனக்குச் சங்கடம். படம் பார்த்து முடிக்கும்போது அவன்மீது பரிதாபம் வந்துவிடுகிறது. நாவலிலும் அது இருக்கிறது, ஆனால் அங்கே கங்காவின் மனம் குறுக்கே நின்று நம்மைத் தடுத்துக்கொண்டே இருக்கும். படம் நீளம் கூடுதல், பேச்சும் அதிகம். நாவலைப் படிக்க நேரமில்லாதவர்கள் சிறுகதையை மட்டுமாவது படித்துவிட்டுப் படத்துக்குப் போங்கள். சிறுகதையின் அம்மா மனதில் இருந்தால்தான் படத்தின் அம்மா அலறும்போது என்ன போய்விட்டது என்று தெரியும்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ அப்பாவின் தேர்வு. 1979-இல் வெளிவந்தபோதே தியேட்டரில் பார்த்தவர். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்த படம் என்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சொந்தக்காரர்கள் என்று கண்டுபிடிக்கச் சிரமமாக இருக்கும். குறுநாவல் தாயில்லாப் பிள்ளைகளும் சித்தியும் இருக்கும் ஒரு வீட்டுக்குள் நடப்பது. மகேந்திரன் தாயை உயிரோடு கொண்டுவந்து, அவள் மெல்ல மெல்ல அணைந்து போவதைக் காட்டுகிறார். சித்தி வருவதே பின்னால்தான். வீட்டை விட்டு ஊருக்கு நகர்ந்து, ஊரை விட்டு ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறது கதை. புதுமைப்பித்தனின் நடை எனக்கு உயிர், ஆனால் ‘சிற்றன்னை’ அவருடைய உச்சங்களில் ஒன்றல்ல. அங்கங்கே ஓட்டம் தடைபடுகிறது. பிள்ளைகள் பேசும் இடங்கள் மட்டும் தங்கம்.

அந்தத் தங்கத்தைத்தான் மகேந்திரன் எடுத்துக்கொண்டார். பெரியவர்களின் கொடுமையைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் படம் இது. சுந்தரவடிவேலுவாக விஜயன். கத்த மாட்டார், கையை ஓங்க மாட்டார், நிதானமாக ஒரு சொல்லை எடுத்து மனைவியின் மேல் வைப்பார். லட்சுமியாக வரும் அஸ்வினி பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. அசோக்குமாரின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் வசனத்துக்கு வேலை வைக்கவில்லை. கடைசியில் ஊர் கூடி அவனைத் தண்ணீருக்குள் இறங்கச் சொல்லும்போது, உங்களையெல்லாம் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்த பாவத்திலேயே பெரியது இதுதான் என்ற பொருளில் அவன் பேசுகிறான். கெட்டவன் வாயில் படத்தின் நீதியை வைத்த துணிச்சல் இன்றைக்கும் யாருக்கு வரும்? இந்த மாதம் பார்த்ததில் புத்தகத்தை விடப் படம் உயர்ந்து நிற்பது இந்த ஒரு இடத்தில்தான். படத்தை மட்டும் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

கல்கி பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை மறுபடி வாசித்தோம், மணிரத்னத்தின் 2022, 2023 படங்களைத் தொடர்ந்து பார்த்தோம். கல்கியில் நான் போய் நிற்பது ராஜாக்களுக்குப் பக்கத்தில் அல்ல. நம்மைக் கையைப் பிடித்து இழுத்து, வாசகர்களே என்று கூப்பிட்டு, வந்தியத்தேவனை நடுவழியில் விட்டுவிட்டு ஊர்க்கதை பேசும் அந்தக் கதைசொல்லிக்குப் பக்கத்தில். படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், அவர் இல்லை. மணிமேகலையும் இல்லை. ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடக்கும்போது யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்று புரிகிறது. ஐஸ்வர்யா ராயின் நந்தினியும் விக்ரமின் ஆதித்த கரிகாலனும் சந்திக்கும் காட்சிக்காக இரண்டாம் பாகத்தை ஒருமுறை பார்க்கலாம்.

கடைசி வாரம் ஜப்பான். அகுதாகவாவின் ‘புதருக்குள்’ 1922-இல் வந்த சிறுகதை. ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். தோப்பில் ஒரு பிணம். அதைப் பற்றி ஏழு வாக்குமூலங்கள். விறகுவெட்டி, துறவி, காவலாள், பெண்ணின் தாய், கொள்ளைக்காரன், மனைவி, கடைசியில் ஆவியாக இறந்தவனே. கொன்றது நான்தான் என்று கொள்ளைக்காரனும் சொல்கிறான், மனைவியும் சொல்கிறாள், இறந்தவன் தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறான். தப்பிக்கப் பொய் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பழியைத் தன்மேல் இழுத்துக்கொள்ள மூன்று பேர் போட்டி போடும் கதை இது. தீர்ப்பு சொல்ல யாரும் வருவதில்லை, ஏழாவது குரலோடு கதை நின்றுவிடுகிறது. அகுதாகவா யார் பக்கத்திலும் நிற்காதவர். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.

இயக்குநர் குரோசவா அந்த அடுத்த பக்கத்தை எடுத்துவிட்டார். 1950-இல் வந்த ‘ரஷோமோன்’ படத்தில் கொட்டும் மழையில் பாழடைந்த வாசல் ஒன்றின் கீழ் மூவர் ஒதுங்கி இந்தக் கதையைப் பேசுகிறார்கள். வாசல் அகுதாகவாவின் வேறொரு சிறுகதையிலிருந்து வந்தது. விறகுவெட்டி தான் மறைத்ததைச் சொல்கிறான், யாரோ விட்டுப்போன குழந்தை அழுகிறது, அதை அவன் எடுத்துப் போகிறான். இந்த முடிவு ஒட்டவைத்தது என்று குறை சொல்பவர்கள் உண்டு. நானும் பாதி அந்தப் பக்கம்தான். கதையின் கூர்மை குழந்தையால் மழுங்குகிறது. ஆனால் காட்டுக்குள் சூரியனை நேராகப் பார்க்கும் கேமராவும், இலைநிழல் முகங்களில் ஓடுவதும், அதே வாள்சண்டை கடைசித் தடவை சொல்லப்படும்போது இரண்டு கோழைகளின் தள்ளுமுள்ளாக மாறுவதும் எந்த எழுத்துக்கும் எட்டாதவை. இதன் பாதிப்பில் எஸ். பாலசந்தர் 1954-இலேயே பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். அதையும் மறுநாளே பார்த்தோம். சிவாஜி ஏற்ற துரோகி வேடத்தில் ஒரு துளி பிசகு கிடையாது. ‘ரஷோமோன்’ பார்க்கத் தயங்குபவர்கள் இதில் ஆரம்பித்தால் வழி எளிதாகும்.

அடுத்த மாதம் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம், கூடவே கே. பாலசந்தர் 1981-இல் எடுத்த படம். நாடகம் என்பதால் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அவருடைய வசனங்களை நான் முந்தின நாளே இரண்டு தடவை படித்துக் காட்டினால் போதுமாம், மனதில் நிற்குமாம். எந்தப் பாத்திரம் வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை.